மெனாய் சிப்பியும் வெஸ்ட்மின்ஸ்டர் மௌனமும்

வேல்ஸின் மெனாய் நீரிணையில் எடுக்கும் சிப்பியை முன்பெல்லாம் அப்படியே லாரியில் ஏற்றி நெதர்லாந்துக்கு அனுப்புவார்கள். சுத்திகரிப்பு அங்கே நடக்கும். 2021 ஜனவரியில் பிரிட்டன், ஒரே விதிகளோடு சரக்கு தடையின்றிப் போய்வரும் ஐரோப்பியப் பொதுச் சந்தையை விட்டு வெளியேறியதும் அந்த வியாபாரம் படுத்துவிட்டது. மெனாய் போல நீர் முழுச் சுத்தமாக இல்லாத கடற்பகுதியில் எடுத்த சிப்பியைச் சுத்திகரிக்காமல் வெளிநாட்டிலிருந்து உள்ளே விடக்கூடாது என்பது ஐரோப்பிய விதி. பிரிட்டன் இப்போது வெளிநாடு.

பிரெக்ஸிட்டால், அதாவது ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால், நாட்டின் உற்பத்தித்திறன் நீண்ட காலத்தில் 4 சதவீதம் குறையும் என்பது அரசுக்குப் பொருளாதாரக் கணிப்புகள் தரும் தன்னாட்சி அமைப்பான பட்ஜெட் பொறுப்பு அலுவலகத்தின் கணிப்பு. அதை வைத்துத்தான் பட்ஜெட்டே போடுகிறார்கள். ஆனாலும் பொதுச் சந்தைக்கோ, தங்களுக்குள் சுங்க வரி இல்லாத சுங்க ஒன்றியத்துக்கோ திரும்ப மாட்டோம் என்று 2024 தேர்தல் அறிக்கையிலேயே, அந்தத் தேர்தலில் வென்று வெஸ்ட்மின்ஸ்டரில், அதாவது பிரிட்டன் நாடாளுமன்றத்தில், ஆட்சிக்கு வந்த லேபர் கட்சி எழுதிக் கொடுத்துவிட்டது. எனக்கு இது பெரிய கோழைத்தனமாகப் படுகிறது.

குடியேற்றத்திலும் இதே கதைதான். 2025 ஜூலையில், முதியோர் பராமரிப்புக்கு வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதை நிறுத்தினார்கள். விடிவதற்குள் வந்து ஒரு பாட்டியைக் குளிப்பாட்டி, மாத்திரை கொடுத்து, கஞ்சி ஊட்டிவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிற பெண் கேரளத்திலிருந்தோ நைஜீரியாவிலிருந்தோ வந்தவர். அவரும் வரி கட்டுகிறார். சம்பளத்தைக் கூட்டினால் உள்ளூர்க்காரர்கள் வருவார்கள் என்கிறார்கள். கூட்டட்டும், நல்லதுதான். ஆனால் முதியோர் பராமரிப்புக்குப் பணம் தரவேண்டிய, கடனில் தத்தளிக்கும் உள்ளாட்சி மன்றங்களுக்கு அந்தப் பணத்தை யார் கொடுப்பது?

உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்க 2025 மே மாதம் ஐரோப்பிய ஒன்றியத்தோடு ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். வரவேற்கிறேன். அடுத்து சுங்க ஒன்றியத்தைப் பற்றிப் பேசுங்கள். தேர்தல் வரை காத்திருக்காதீர்கள்.