ஒரு லட்சம் பேர் உட்காரும் பள்ளம்: ஆன் ஆர்பர்

முதலில் பணப்பேச்சு. அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் ஃபுட்பால் (ஹெல்மெட் போட்டு முட்டிக்கொள்ளும் அமெரிக்க வகை) பார்க்கப் போகிறவர்கள், ஆட்டம் இருக்கும் சனிக்கிழமை, பல்கலைக்கழகம் இருக்கும் ஆன் ஆர்பர் ஊருக்குள் அறை தேடாதீர்கள். வாடகை பகல்கொள்ளை. பக்கத்து ஊரான இப்சிலாண்டியில் தங்கி 4ஆம் எண் பஸ் பிடியுங்கள். பரம எதிரி ஒஹாயோ ஸ்டேட் இங்கே வருவது ஒற்றைப்படை ஆண்டுகளில், நவம்பர் கடைசியில். டிக்கெட் யானை விலை, குளிரோ எலும்பைத் துளைக்கும். கையைக் கடிக்காதது என்றால் செப்டம்பரில் சின்ன அணிகள் வரும் ஆட்டம்தான். அதில் இளக்காரம் வேண்டாம். 2007இல் தரவரிசையில் 5ஆம் இடத்திலிருந்த மிச்சிகனை அப்பலாச்சியன் ஸ்டேட் 34-32 என்று மண்ணைக் கவ்வ வைத்தது இதே மைதானத்தில்தான். கடைசி நொடியில் மிச்சிகன் உதைத்த பந்தையும் மறித்துவிட்டார்கள்.

மைதானத்துக்கு டவுனிலிருந்து அரை மணி நடை. கார் வேண்டாம், ஆட்டம் முடிந்ததும் ஊரே நகராது. பையை அறையிலேயே வைத்துவிடுங்கள், வாசலில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

பக்கவாட்டில் பிற்பாடு எழுப்பிய சொகுசுக் கட்டடங்களைக் கழித்துவிட்டு வெளியிலிருந்து பார்த்தால் மைதானம் "இவ்வளவுதானா?" என்று தோன்றும். 1927இல் கட்டியபோது முக்கால்வாசியைத் தரைக்குக் கீழே இறக்கிவிட்டார்கள். உள்ளே நுழைந்தால் மேல் விளிம்பில் நிற்கிறோம், காலடியில் மொத்தக் கிண்ணமும்! அன்று 72,000 இருக்கை, இன்று 107,601. கடைசி அந்த 'ஒன்று' பழைய பயிற்சியாளர் ஃபிரிட்ஸ் கிரைஸ்லருக்காம். எந்த இருக்கை என்று யாருக்கும் தெரியாது. இருக்கை என்றால் நாற்காலி இல்லை, எண் எழுதிய அலுமினிய பெஞ்ச். நவம்பரில் ஆளாளுக்குத் தடித்த கோட்டு, ஒரு எண்ணுக்குள் ஒருவர் அடங்க மாட்டார். சீக்கிரம் போய் இடத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

இந்தப் பள்ளத்தைக் கட்ட வைத்தவர் ஃபீல்டிங் யோஸ்ட். 1901இல் பயிற்சியாளராக வந்தார். அந்தப் பருவம் முழுக்க மிச்சிகன் எடுத்தது 550 புள்ளி, எதிரணிகள் எல்லாம் சேர்ந்து எடுத்தது பூஜ்யம்! 1902 ஜனவரி 1 அன்று பாசடீனாவில் நடந்த முதல் ரோஸ் பௌலில் (புத்தாண்டு ஃபுட்பால் ஆட்டம்) ஸ்டான்ஃபோர்டை 49-0 என்று துவைத்ததில், அமைப்பாளர்களுக்கு ஃபுட்பாலே வெறுத்துப்போய்ப் பின்னாளில் தேர்ப்பந்தயம் விட்டார்கள். ஃபுட்பால் அங்கே திரும்பியது 1916இல்.

மினசோட்டா பல்கலைக்கழக அணி வரும் ஆண்டானால் அந்த ஆட்டத்துக்கே டிக்கெட் போடுங்கள். பரிசு ஒரு மண் ஜாடி. 1903இல் அங்கே ஆடப் போனபோது யோஸ்ட் தண்ணீருக்காக 30 சென்ட்டுக்கு வாங்கச் சொன்னது. 6-6 சமன், ஜாடியை விட்டுவிட்டு வந்துவிட்டார்கள். இன்றும் அதற்குத்தான் அடிதடி.