பீடிக் கடையில இருந்து பேசுதேன்

“யாரு பேசுதது?” என்றது ஆண் குரல்.

“பீடிக் கடையில இருந்து பேசுதேன். எலை வந்திருக்கு. அக்காவ நாளைக்கு வரச் சொல்லுங்க.”

“சரி, சொல்லுதேன்.”

பத்து விநாடிதான் இருக்கும். மாலை 6.40. கூப்பிட்டது நான். ஊரையும் அடையாளத்தையும் மாற்றித்தான் எழுதுகிறேன். அந்தப் பத்து விநாடியை மட்டும் நடந்தபடியே சொல்ல வேண்டும்.

குடும்ப வன்முறை என்று உதவி கேட்டு ஒரு பெண் எங்களிடம் வந்தால், பெயர் விவரத்துக்கு முன்னாலேயே நாங்கள் கேட்டுக்கொள்ளும் மூன்று கேள்விகள் உண்டு. எந்த நேரத்தில் கூப்பிடலாம்? வேறு யாராவது எடுத்தால் நாங்கள் யார் என்று சொல்ல வேண்டும்? வாட்ஸப், எஸ்எம்எஸ் அனுப்பலாமா? சிம் யார் பெயரில் இருக்கிறது என்பதையும் சேர்த்துக் கேட்போம். இங்கே பாதிப் பெண்களுக்கு சிம் வீட்டுக்காரர் பெயரில்தான் இருக்கும், ரீசார்ஜ் செய்வதும் அவர்தான். பெண்கள் உதவி எண் 181-க்குப் பேசினால் காசு இல்லை என்று எல்லோருக்கும் தெரியும். பேசி முடித்தபின் அந்த எண் போனில் அப்படியே நிற்கும், அழித்துவிட வேண்டும் என்பதைத்தான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அன்றைக்கு நான் கூப்பிட்ட பெண்ணின் தாளில் மூன்றுக்கும் பதில் இருந்தது. காலை 10 முதல் 12 வரை கூப்பிடலாம். வேறு யார் எடுத்தாலும் பீடிக் கடை என்று சொல்லலாம். மெசேஜ் கூடாது. ஆக, அந்தப் பொய் நான் கண்டுபிடித்தது இல்லை, அவளே கொடுத்தது. இதை எனக்கு நானே பல தடவை சொல்லிப் பார்த்துவிட்டேன்.

நேரம் மட்டும் என்னுடையது.

காரணம் இல்லாமல் இல்லை. மறுநாள் சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் வழக்கறிஞரைப் பார்க்கப் பாளையங்கோட்டை நீதிமன்றத்துக்குப் போக வேண்டியிருந்தது. பெண் என்றால் வருமானம் பார்க்காமலே அங்கே இலவச வழக்கறிஞர் கிடைப்பார், 1987-ஆம் வருடச் சட்டம் அப்படி. அவள் முன்பு ஒருமுறை தலையில் காயத்தோடு ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாள். என்றைக்கு என்று தெரிந்தால்தான் ஏஆர் காப்பி கேட்க முடியும். அந்தத் தேதிக்காகக் கூப்பிட்டேன்.

ஏஆர் என்பது ஆஸ்பத்திரியில் காயத்தோடு வருகிறவர்களைப் பதிகிற விபத்துப் பதிவேடு. அதில் எழுதியிருக்கும் ஒரு வரி பின்னால் நிறைய வேலை செய்யும். கூடவே மாமியாரோ கொழுந்தனோ நிற்பதால் முக்கால்வாசிப் பெண்கள் “வழுக்கி விழுந்துட்டேன்” என்றுதான் சொல்வார்கள், மருத்துவரும் அப்படியே எழுதிவிடுவார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் கையில் எடுப்பது அந்த வரியைத்தான். அடுத்த தடவை போகிறவர்களுக்காவது சொல்லி வைக்கிறோம்: மருத்துவரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேளுங்கள், யார் எதனால் அடித்தார் என்று எழுதச் சொல்லுங்கள்.

ஆனால் 2005-ஆம் வருடக் குடும்ப வன்முறைச் சட்டத்தில், பாதுகாப்புக் கேட்டுப் போடும் 12-ஆம் பிரிவு மனுவுக்கு ஏஆர் காப்பி கட்டாயமே இல்லை. பாதுகாப்பு அலுவலர் படிவம் 1-இல் குடும்ப நிகழ்வு அறிக்கை எழுதுவார். மனு படிவம் 2-இல். அவசரமாக இடைக்கால உத்தரவு வேண்டுமென்றால் படிவம் 3-இல் ஒரு பிரமாணப் பத்திரம் போதும், எதிர்த்தரப்பு வருமுன்பே 23-ஆம் பிரிவில் நீதித்துறை நடுவர் உத்தரவு போடலாம். வழக்கமாக 3 நாளுக்குள் முதல் விசாரணை, 60 நாளுக்குள் முடிக்க முயல வேண்டும் என்பது சட்டம். நோட்டீஸ் வாங்காமல் ஆள் தலைமறைவானால் அந்தக் கணக்கெல்லாம் தப்பிப் போகும். எப்படியானாலும் தேதிக்கு மறுநாள் காலை 10 மணி வரை பொறுத்திருக்கலாம். ஏஆர் இல்லாமலே மனுப் போட்டுவிட்டுப் பிறகு சேர்த்திருக்கலாம். இது எனக்கு அன்றைக்கே தெரியும். மனு பலமாக இருக்கட்டும் என்று நினைத்தேன். நினைத்தது தப்பா என்றால், இன்றைக்கும் ஒரே பதில் வரவில்லை.

பிறகு நடந்ததை அவள் பதினாறு நாள் கழித்து வந்துதான் சொன்னாள். போனை எடுத்த வீட்டுக்காரர் அவளிடம் எதுவும் கேட்கவில்லை. மறுநாள் காலையில் தானே கடைக்குப் போயிருக்கிறார், இலை வாங்க. “எலையா, யாரு சொன்னா?” என்று கேட்ட கணக்கப்பிள்ளை, பேச்சோடு பேச்சாக, “ஒங்க வீட்ல இப்பம்லாம் நல்லா சுத்துதாவ, தெனம் எழுநூத்தம்பது வருதுல்லா” என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறார். வீட்டில் அவள் சொல்லி வந்தது 600.

அந்த 150 பீடி எங்கள் யோசனை. திடீரென்று வெளியேற நேர்ந்தால் பஸ்ஸுக்கும் இரண்டு நாள் சாப்பாட்டுக்கும் கையில் காசு வேண்டும், கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கு என்று நாங்கள்தான் சொன்னோம். ஆதார், குடும்ப அட்டை நகல், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், பீடித் தொழிலாளர் அட்டை, மாத்திரைச் சீட்டு, ஒரு மாற்றுத்துணி எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வீட்டுக்கு வெளியே வைக்க வேண்டும். அவள் பை பக்கத்து வீட்டில் இருந்தது. கூடுதல் கூலியும் அங்கேதான் போனது. பீடிக் கணக்கு எழுதும் பாஸ்புக்கை மட்டும் யார் கண்ணிலும் படாமல் கடையிலேயே விட்டு வைத்திருந்தாள். அவ்வளவு நேர்த்தியாகச் செய்திருந்தாள். 3,400 ரூபாய் சேர்ந்திருந்தது. அது போயிற்று. பக்கத்து வீட்டு அக்காவோடு பேச்சும் போயிற்று, வீட்டுக்காரர் வாசலில் நின்று போட்ட சத்தத்தில்.

“பீடிக் கடை” என்ற வார்த்தை காலை 10 மணிக்குச் சரியான வார்த்தை. அந்நேரம் போனை எடுக்கக்கூடியவர் மாமியார் மட்டும்தான், அவர் கடைப் பக்கம் போகிற ஆள் இல்லை. மாமியாருக்கு என்று அவள் தைத்த சட்டையை மகனுக்கு மாட்டியது நான். தாளில் இருந்த முதல் பதிலும் இரண்டாவது பதிலும் சேர்ந்து ஒரே பதில் என்பது அப்போது எனக்குப் படவில்லை.

அவர் நல்ல எண்ணத்தில்தான் கடைக்குப் போனாரா, சந்தேகப்பட்டுப் போனாரா? எங்கள் எண்ணை எத்தனையோ பேர் எங்கள் பெயரைப் போட்டே பதிந்து வைத்திருக்கிறார்கள், ட்ரூகாலர் உள்ள போனில் நான் வாய் திறக்குமுன்பே பெயர் தெரிந்திருக்கக்கூடும். அப்படியென்றால் என்ன பொய் சொல்லியிருந்தாலும் ஒன்றுதான். இந்த நினைப்பு கொஞ்சம் ஆறுதல் தருகிறது, அதனாலேயே இதை நம்பத் தயக்கமாக இருக்கிறது. இப்போது வெளியே கூப்பிட மட்டும் தனி சிம் வைத்திருக்கிறோம், அதை எந்த நோட்டீஸிலும் போடுவதில்லை.

அன்று வந்தவளிடம் தங்க இடம் உண்டு என்று சொன்னோம். ஒருங்கிணைந்த சேவை மையத்தில் 5 நாள், அதற்குப் பிறகு விடுதிக்கு ஏற்பாடு செய்யலாம். கூலியைப் பறிப்பதும் பொருளாதார வன்முறை என்று சட்டத்தின் 3-ஆம் பிரிவே சொல்கிறது, அதையும் மனுவில் எழுதலாம் என்றோம். தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டாள். விரல் நுனியெல்லாம் தூள் கறை.

“தை பெறக்கட்டும்க்கா, பாப்போம்.”

மன்னிப்புக் கேட்டேன். “நீங்க என்ன செய்வியக்கா” என்றாள். கோபப்பட்டிருந்தால் தேவலை. கிளம்பும்போது அவளே தாளைக் கேட்டு, முதல் கேள்வியில் தன் விரலை வைத்தாள்.

“இனிமே நீங்க கூப்பிட வேண்டாம். நான் கூப்பிடுதேன்.”

அப்படியே எழுதிக்கொண்டோம். தை போய் மாசியும் பாதி ஆகிவிட்டது. அங்கன்வாடி அக்கா மூலமாக விசாரிக்கலாமே என்கிறார் கூட வேலை பார்ப்பவர். கூடாது என்று தாளில் இருக்கிறது என்கிறேன். அவள் பேச்சுக்கு மரியாதை கொடுத்துச் சொல்கிறேனா, இன்னொரு முறை கூப்பிடப் பயந்து சொல்கிறேனா என்று அவர் கேட்கவில்லை.