முழங்கால் காயத்துக்கு டிசெபிலிட்டி பென்ஷன் வாங்கிய கதை

"பணியால் ஏற்பட்டதும் அல்ல, பணியால் மோசமானதும் அல்ல." ராணுவத்திலிருந்து ஓய்வு பெறும் முன் உடலைச் சோதிக்கும் மருத்துவர் குழுவான ரிலீஸ் மெடிக்கல் போர்டில் என் வலது முழங்காலைப் பற்றி எழுதியது இவ்வளவுதான். ஊனம் 20 சதவீதம், ஆயுள் முழுவதும் இருக்கும் என்று அதே தாளில் ஒப்புக்கொண்டும் இருந்தார்கள். பென்ஷனுக்கு அந்த 20 சதவீதம் போதும். ஆனால் பணிக்கும் காயத்துக்கும் தொடர்பு உண்டு என்று போர்டு ஏற்க வேண்டும். நம் ஆட்கள் பலர் தடுக்கி விழுவது இங்கேதான்.

நான் வேலூர் மாவட்டத்துக்காரன், காலாட்படையில் ஹவில்தார். காஷ்மீரில் ரோந்து போனபோது பனி மூடிய மலைச்சரிவில் கால் சறுக்கியது. முதுகில் இருந்த பாரத்தோடு முட்டி ஒரு பக்கமாகத் திரும்பி, மூட்டுக்குள் மெத்தைபோல் இருக்கும் மெனிஸ்கஸ் என்ற குருத்தெலும்பு கிழிந்துவிட்டது. ராணுவ மருத்துவமனையில் சிகிச்சை, பிறகு லோ மெடிக்கல் கேட்டகிரி, அதாவது முழு உடல்தகுதி இல்லாதவர் பட்டியல். வருடங்கள் போகப் போக அதே மூட்டு தேய்ந்தது. போர்டு அதை வயதால் வந்த தேய்மானம் என்று எழுதியது. எனக்கு அப்போது நாற்பது வயதுகூட ஆகவில்லை. இடது முழங்கால் நன்றாகவே இருந்தது. வயதுதான் காரணம் என்றால் ஒரு கால் மட்டும் ஏன் தேய வேண்டும்? அந்தக் கேள்விக்குத் தாளில் பதில் இல்லை.

கோரிக்கையை நிராகரித்து வந்த கடிதத்தை வாங்கி மடித்து வைத்துவிடாதீர்கள். ஆறு மாதத்துக்குள் முதல் அப்பீல் போடலாம் என்று அதிலேயே இருக்கும். அப்பீல் எழுதும் முன் போர்டு நடவடிக்கைகளின் முழு நகலை வாங்குங்கள். நம் பணி ஆவணங்களை வைத்திருக்கும் ரெக்கார்ட்ஸ் ஆபீஸ் தரத் தாமதித்தால் ஆர்.டி.ஐ. போடலாம். என்னிடம் காயம்பட்டபோது போட்ட இஞ்சுரி ரிப்போர்ட் இருந்தது, "பணியில் இருந்தபோது" என்று கமாண்டிங் ஆபீசர் கையெழுத்தோடு. அது இருந்தும் முதல் அப்பீல், இரண்டாவது அப்பீல் இரண்டுமே அதே வாக்கியத்தோடு திரும்பி வந்தன. மனசு விட்டுப்போனது உண்மை.

அதன்பிறகுதான் சென்னையில் உள்ள ஆயுதப்படைத் தீர்ப்பாயத்துக்குப் போனேன். ராணுவ வழக்குகளை நடத்திப் பழகிய வக்கீல் ஒருவர் என் தாள்களைப் பார்த்துவிட்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் இரண்டை எடுத்து வைத்தார். 2013-இல் வந்த தரம்வீர் சிங் வழக்கின் தீர்ப்பு சொல்வது இது: படையில் சேரும்போது நோய் எதுவும் பதிவாகவில்லை என்றால், ஆள் நல்ல உடல்நிலையில்தான் சேர்ந்தார் என்றே கொள்ள வேண்டும். பணியால் வரவில்லை என்று மறுத்தால் போர்டு காரணம் எழுத வேண்டும், சந்தேகத்தின் பலன் சிப்பாய்க்கே. இரண்டாவது, 2014 டிசம்பரில் வந்த ராம் அவதார் தீர்ப்பு. பணிக்காலம் முடித்து வந்தவருக்கும் சதவீதத்தை மேலே ஏற்றிக் கணக்கிட வேண்டும் என்று அது உறுதிசெய்தது. அதன்படி 20 சதவீதம் 50 ஆகிறது.

தீர்ப்பாயம் என் பக்கம் முடிவு சொன்னது. முழு ஊனத்துக்குக் கடைசிச் சம்பளத்தில் 30 சதவீதம் என்பது கணக்கு, எனவே 50-க்கு 15 சதவீதம். சர்வீஸ் பென்ஷனோடு இது தனியாகச் சேர்கிறது. ஆணை வந்த கையோடு பணம் வந்துவிடவில்லை. திருத்திய பி.பி.ஓ. (பென்ஷன் வழங்கும் ஆணை) ஸ்பர்ஷ் என்ற ராணுவப் பென்ஷன் இணையதளத்தில் ஏறும்வரை விடாமல் கேட்டுக்கொண்டே இருந்தேன்.

இன்னும் பணியில் இருக்கும் தம்பிகளுக்கு: காயம்பட்டால் வலி போனதும் விட்டுவிடாதீர்கள், இஞ்சுரி ரிப்போர்ட் போட வையுங்கள். பி.பி.இ.டி. என்ற உடல்திறன் தேர்வின் ஓட்டத்தில் முட்டி போனாலும் சரி, யூனிட் நடத்தும் வாலிபால், கபடியில் போனாலும் சரி, அதுவும் பணிதான். நகல் ஒன்று வீட்டில் இருக்கட்டும். 2023 செப்டம்பர் 21 முதல் ஓய்வு பெறுகிறவர்களுக்குப் புதிய விதிகள் வந்துவிட்டன. என் வழக்கு பழைய விதிப்படி நடந்தது, அதனால் உங்கள் தேதியைச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

எங்கள் ஊரில் என்னைவிடப் பல வருடம் முன்னால் ஓய்வு பெற்று வந்த அண்ணன் ஒருவரிடமும் அதே வாசகம் கொண்ட கடிதம் இருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று விட்டிருந்தார். தாமதமாகப் போனாலும் வழக்குப் போட்ட நாளுக்கு முந்தைய மூன்று வருட நிலுவையும், இனி மாதாமாதம் வரவேண்டியதும் கிடைக்க வழி உண்டு. போர்டு நகல் கேட்டு அவருக்கு ஆர்.டி.ஐ. மனு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.