யூபேமியம்மாளின் வலது கை

அம்மா பிறந்தது செப்டம்பர் 16. அன்றைய புனிதையின் பெயரையே பங்குச்சாமி ஞானஸ்நானத்தில் வைத்துவிட்டார்: யூபேமியா. ஊர் வாயில் அது பேமியம்மா ஆகிவிட்டது. போன வருஷம் பக்கவாதம் வந்து அம்மாவின் வலது கை விழுந்தபோது, "இந்தக் கை எழுந்தால் உன் பேழைக்கு முன்னாலேயே வந்து மெழுகுவர்த்தி ஏற்றுகிறேன் தாயே" என்று நேர்ந்துகொண்டேன். அவர் திருவுடல் இருக்கும் பேழை எந்த ஊரில் இருக்கிறது என்றுகூட அப்போது தெரியாது. நாலாம் மாதம் அம்மா அந்தக் கையால் ஸ்பூனைப் பிடித்தார். இஸ்தான்புல்லுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன்.

எமினோனு படகுத்துறையில் கால் வைத்ததுமே ஒருவர், "இந்தியாவா? ஷாருக்கான்!" என்று தோளில் கைபோட்டுக் கம்பளக் கடைக்கு இழுத்தார். பிய்த்துக்கொண்டு காதிகோய் படகில் ஏறினேன். காதிகோய்தான் பழைய கல்செதோன். இயேசு எப்படி முழுக் கடவுளாகவும் முழு மனிதராகவும் ஒருவரே இருக்க முடியும் என்று 451 அக்டோபரில் ஆயர்கள் சங்கமாகக் கூடி மோதிக்கொண்ட ஊர். கூடியதும் யூபேமியம்மாளின் கோயிலுக்குள்தான். அந்தக் கோயில் இப்போது இல்லை. கடைத்தெருவில், மீன் கடைகளுக்குப் பக்கத்தில், அவர் பெயரில் ஒரு கிரேக்கக் கோயில் இருக்கிறது. அந்த மீன் வாடையில் எங்கள் ஊருக்கே போய்விட்டேன். ஆனால் கதவு பூட்டியிருந்தது. மணி அடித்தும் யாரும் வரவில்லை.

கொஞ்சம் தள்ளி இன்னொரு கோயில் திறந்திருந்தது. நுழைந்து, மணல் தட்டில் மெழுகுவர்த்தியை நட்டு, நன்றாக அழுதும் தீர்த்தேன். வெளியே வந்த பிறகுதான் தெரிந்தது, அது அர்மேனியர்களின் சூர்ப் தகாவோர். கல்செதோன் சங்கத்தை இன்றுவரை ஏற்காத சபை! ஒரே கிறிஸ்து, இரண்டு இயல்புகள், கலவாமல், மாறாமல், பிரியாமல், பிளவுபடாமல் என்றது சங்கம். இரண்டு என்று எண்ணினாலே அவரைக் கூறுபோட்டது மாதிரிதான், தெய்வமும் மனிதமும் ஒன்றிய ஒரே இயல்பு என்று அர்மேனியர்களும் எகிப்தின் காப்டிக்குகளும் சிரியர்களும் பிரிந்தார்கள். 1984இல் பாப்பரசர் இரண்டாம் யோவான் பவுலும் சிரிய முதுபெரும் தந்தை முதலாம் சக்காவும் கையெழுத்திட்டு, வேறுபாடு சொற்களிலும் பண்பாட்டிலும்தான், விசுவாசத்தின் சாரத்தில் இல்லை என்றார்கள். அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன்.

பேழை இருப்பது பெனர் பகுதியில், புனித ஜார்ஜ் பேராலயத்தில். டாக்சிக்காரர் மீட்டர் கெட்டுவிட்டது என்று இரண்டு மடங்கு வாங்கினார். உள்ளே ஒரு சுற்றுலாக் கூட்டம் பேழைக்கு முதுகு காட்டி செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் நகரும்வரை தூண் ஓரமாக நின்றேன்.

சங்கத்தில் இரு தரப்பும் தங்கள் அறிக்கையைச் சுருளாக எழுதிப் புனிதையின் கல்லறைக்குள் வைத்து முத்திரையிட்டார்களாம். மூன்று நாள் கழித்துத் திறந்தால், சங்கத்தின் சுருள் அவர் வலது கையில், மற்றது காலடியில். வலது கை! அதை அப்பா வாயால் கேட்டபோது எனக்குப் பத்து வயசுகூட இருக்காது. பேழையில் நெற்றியை வைத்ததும் சொல்ல வந்ததெல்லாம் மறந்துபோயிற்று. "நன்றி தாயே, நன்றி தாயே" மட்டும்தான் வந்தது.

அதே பக்கத்தில் இயேசுவைக் கட்டி அடித்ததாகச் சொல்லும் கல்தூணின் துண்டும் இருக்கிறது. சின்ன வயசில் ஒரு சிலுவைப்பாதையில் அப்பாவிடம், "அவர் சாமிதானே, வலிச்சிருக்காதுல்ல?" என்று கேட்டேன். அப்பா ஞானோபதேசம் சொல்லித்தருகிறவர். பெரிதாக விளக்குவார் என்று நினைத்தேன். "வலிச்சுதுடா. நமக்கு வலிக்கிற மாதிரியேதான்" என்றார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில் நான் யாரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தேன் என்பது அந்தக் கல்லுக்கு முன்னால் நின்றபோது புரிந்தது.

செல்ஃபிக் கூட்டத்தைத் திட்டிய நானே அப்புறம் போனை எடுத்து அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். பேழையைப் பார்த்ததும் அம்மா வலது கையைத் தூக்கினார். நெற்றி, நெஞ்சு, இடது தோள். அங்கே போய்ச் சேர விரல்கள் நடுங்கின, சேர்ந்துவிட்டன. எனக்குப் பின்னால் ஒரு கிரேக்கப் பாட்டியும் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டிருந்தார்.

"ஏய், அந்தம்மா வலது தோள்ல ஆரம்பிக்குது பாரு" என்றார் அம்மா.

"அவங்க வழக்கம் அதும்மா."

"சரி, இருக்கட்டும். அதுக்கும் சேர்த்து ஒரு மெழுகுவர்த்தி ஏத்து."