தேர்வுக்குப் படித்த இரண்டு மாதங்களும் கணினி செத்த மூன்று விதங்களும்

லினக்ஸ் கணினி நிர்வாகத்துக்கான எல்பிஐசி-1 சான்றிதழுக்குப் படிக்க உட்கார்ந்த மூன்றாவது வாரத்தில் என் மேசைக் கணினி ஒரு நாளைக்கு இரண்டு முறை உறையத் தொடங்கியது. நினைவகம் 8 ஜிபி. பயிற்சிக்காக, கணினிக்குள் கணினியாக, இரண்டு மெய்நிகர் கணினிகள் ஓடும், பக்கத்திலேயே உலாவியில் முப்பது தாவல்கள் திறந்திருக்கும். திடீரென்று சுட்டி பத்து வினாடிக்கு ஒரு முறை அசையும், வட்டு விளக்கு அணையாமல் எரியும். நான் மின்பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துவிட்டு, மீண்டும் துவக்கி, ஒன்றும் நடக்காததுபோல் புத்தகத்தைத் திறப்பேன். அன்று திறந்திருந்த பாடம், செயல்முறைகளை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் நிரல்களை, கண்காணிப்பதும் நிறுத்துவதும் எப்படி என்பது. பாடம் கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது, நான் அதை அணைத்துவிட்டுப் படித்தேன்.

முதலில் தேர்வைப் பற்றிச் சுருக்கமாக. 101, 102 என்று இரண்டு தாள்கள். ஒவ்வொன்றிலும் 90 நிமிடத்தில் 60 கேள்விகள், 800க்கு 500 எடுத்தால் தேர்ச்சி. பெரும்பாலும் விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள்தான். ஆனால் சிலவற்றில் கட்டளையின் பெயரை எழுத்துப் பிசகாமல் நாமே தட்டச்சு செய்ய வேண்டும். வந்த கேள்விகளை வெளியே சொல்வதில்லை என்று ஒப்புக்கொண்டுதான் உட்காருகிறோம், ஆகவே அவற்றை இங்கே தேடாதீர்கள். நான் சொல்லப்போவது படித்த முறையை.

நான் செய்த முதல் தவறு, நினைவக நிலையைக் காட்டும் ஃப்ரீ கட்டளையைத் தப்பாகப் படித்தது. என் திரையில், ஜிபி கணக்கில், மொத்தம் 7.6, பயன்பாட்டில் 2.9, ஃப்ரீ 0.2, இடைச்சேமிப்பு 4.5, அவைலபிள் 4.3 என்று இருந்தது. 0.2ஐப் பார்த்துப் பதறிப்போய் உலாவியை மூடினேன். பதற வேண்டியதே இல்லை. சும்மா கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் கோப்புகளின் இடைச்சேமிப்புக்கு எடுத்துக்கொள்கிறது, நிரல் கேட்டால் பெரும்பகுதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறது. புதிதாக ஒரு நிரலைத் திறக்க எவ்வளவு கிடைக்கும் என்ற மதிப்பீடு அவைலபிள் நெடுவரிசையில் இருக்கிறது. 2014இல் வந்த 3.14 கர்னலிலிருந்து (கர்னல் என்பது லினக்ஸின் மையக் கரு) கர்னலே அதைக் கணக்கிட்டுத் தருகிறது. அதற்கு முந்தைய குறிப்புகளில் இந்த நெடுவரிசை இருக்காது. பழைய குறிப்புகளை வைத்துப் படிப்பவர்கள் குழம்புவது இங்கேதான்.

முதல் விதமான உறைதலுக்கு வருகிறேன். திடநிலை வட்டு தேய்ந்துவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, நினைவகம் நிரம்பும்போது தரவைத் தள்ளிவைக்கும் வட்டு இடமான ஸ்வாப் இல்லாமலே நிறுவியிருந்தேன். ஸ்வாப் இல்லையென்றால் வட்டில் இழுபறி எப்படி வரும் என்பது பல நாள் எனக்குப் புரியவில்லை. விடை எளிது. நிரல்களின் தரவை வெளியேற்ற இடமில்லாதபோது கர்னல் வேறொன்றை வெளியேற்றுகிறது: வட்டில் ஏற்கெனவே கோப்பாக இருக்கும் நிரல்களின் குறிமுறையை. அடுத்த நொடியே அந்த நிரல் ஓட அதே பகுதி வேண்டும், மறுபடி வட்டிலிருந்து படிக்க வேண்டும். இப்படி வெளியே தள்ளுவதும் உள்ளே இழுப்பதுமாகக் கணினி தன் நேரத்தையெல்லாம் தின்றுவிடுகிறது. அந்த நிலையில் கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்தி உரை முனையத்துக்குப் போனேன். பயனர் பெயரைத் தட்டினேன். கடவுச்சொல்லைக் கேட்பதற்குள் 60 வினாடி கடந்து உள்நுழைவே காலாவதியாகிவிட்டது. திரையில் வந்த அந்த ஒற்றை வரியை இன்றும் மறக்கவில்லை.

அப்போது உதவுவது ஆல்ட், பிரின்ட் ஸ்கிரீன், எஃப் ஆகிய மூன்று விசைகள். நினைவகத்தை அதிகம் விழுங்கும் நிரலைக் கொல்லும்படி கர்னலுக்கே நேரடியாகச் சொல்லும் வழி இது. பல லினக்ஸ் வெளியீடுகளில் இது முடக்கப்பட்டிருக்கும். /பிராக்/சிஸ்/கர்னல்/சிஸ்ஆர்க்யூ கோப்பில் 1 இருந்தால் எல்லாம் அனுமதி, 0 என்றால் எதுவும் இல்லை, வேறு எண் என்றால் அது 2, 4, 8 என்று இரட்டிக்கும் எண்களில் சிலவற்றின் கூட்டுத்தொகை, அதில் 64 அடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். உறைந்த பிறகு பார்க்க முடியாது, இன்றே பாருங்கள்.

பிறகு 4 ஜிபிக்கு ஒரு ஸ்வாப் கோப்பு உருவாக்கினேன். உரிமையாளர் மட்டும் படிக்கவும் எழுதவும் முடியும்படி அனுமதியை 600 ஆக்கி, எம்கேஸ்வாப் கட்டளையால் வடிவமைத்து, ஸ்வாப்ஆன் கட்டளையால் இயக்கி, ஒவ்வொரு துவக்கத்திலும் தானாகச் சேர எஃப்எஸ்டேப் கோப்பில் ஒரு வரி. இவற்றில் பெரும்பாலானவை பாடத்திட்டத்துக்குள் இருப்பவை. ஒரு முறை உங்களுக்காகவே செய்துவிட்டால் மனப்பாடம் செய்யத் தேவையில்லை. உறைதல் முற்றிலும் போகவில்லை, ஆனால் முன்கூட்டியே தெரிந்தது. விஎம்ஸ்டாட் 1 என்று ஓடவிட்டால் எஸ்ஐ, எஸ்ஓ என்ற இரு நெடுவரிசைகள் வரும், ஸ்வாப்பிலிருந்து உள்ளே வருவதும் ஸ்வாப்புக்கு வெளியே போவதும். அவை தொடர்ந்து பெரிய எண்களைக் காட்டினால் மெய்நிகர் கணினி ஒன்றை மூடும் நேரம் வந்துவிட்டது.

இரண்டாவது விதம் இதற்கு நேரெதிர். கணினி நன்றாக இருக்கும், உலாவி மட்டும் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துபோகும். உலாவியைத் திட்டிவிட்டு மறுபடி நிறுவினேன். வீண் வேலை. ஜர்னல்சிடிஎல் -கே -பி -1 என்று தட்டினால் முந்தைய துவக்கத்தின் கர்னல் பதிவு வரும். என்னிடம் அதுவும் வரவில்லை, ஏனென்றால் /வார்/லாக்/ஜர்னல் அடைவு இல்லை. அந்த அடைவு இல்லாத இடத்தில் பதிவுகள் நினைவகத்தில் மட்டும் இருந்து, அணைத்ததும் அழிந்துவிடுகின்றன. அடைவை உருவாக்கிப் பதிவுச் சேவையை மறுதொடக்கம் செய்தேன். அடுத்த முறை உலாவி மறைந்தபோது சாட்சி கிடைத்தது: நினைவகம் தீர்ந்தது, இன்ன எண்ணுள்ள செயல்முறை கொல்லப்பட்டது. அந்த வரியில் டோட்டல்-விஎம் என்ற எண் பயமுறுத்தும் அளவுக்குப் பெரிதாக இருக்கும். அது நிரல் கேட்டு வைத்திருக்கும் முகவரிப் பரப்பு மட்டுமே. உண்மையில் நினைவகத்தில் உட்கார்ந்திருப்பதைச் சொல்வது அனான்-ஆர்எஸ்எஸ். செயல்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளையில் விஎஸ்ஸெட்டுக்கும் ஆர்எஸ்எஸ்ஸுக்கும் உள்ள வேறுபாடும் இதேதான்.

இதைப் பாதுகாப்பாகப் பழக ஒரு வழி உண்டு. மெய்நிகர் கணினிக்குள் ரூட்டாக (முழு அதிகாரமுள்ள பயனராக), ஒரு நிரலை வரம்புக்குள் ஓடவிடும் சிஸ்டம்டி-ரன் கட்டளையை ஸ்கோப் விருப்பத்துடன் கொடுத்து, மெமரிமேக்ஸை 300 எம்பி, மெமரிஸ்வாப்மேக்ஸை 0 என்று வைத்து, அதற்குள் டெயில் /டெவ்/ஜீரோ ஓடவிடுங்கள். வரி முடிவே இல்லாத ஒரு கோப்பின் கடைசி வரிகளைத் தேடி டெயில் நினைவகத்தை விழுங்கிக்கொண்டே போகும், வரம்பைத் தொட்டதும் கொல்லப்படும். பதிவைப் படியுங்கள். வெளியேறு குறியீட்டையும் பாருங்கள், 137 வரும். 128உடன், செயல்முறையைக் கொல்ல அனுப்பப்படும் 9 என்ற சமிக்ஞை எண்ணைக் கூட்டியது அது. 139 என்றால் 11, அதாவது செக்மென்டேஷன் ஃபால்ட், தொடக்கூடாத நினைவகத்தைத் தொட்டு நிரல் விழுவது. சமிக்ஞை எண்களை அட்டவணையாக உருப்போட்டு மூன்று முறை மறந்த எனக்கு, இந்த ஒரு பயிற்சிக்குப் பிறகு மறக்கவே இல்லை.

அந்த 139தான் மூன்றாவது விதம். தேர்வுக்குப் பத்து நாள் இருக்கும்போது நிரல்கள் 139உடன் விழ ஆரம்பித்தன. ஒரே நிரல், நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் ஒரே குறிமுறை நூலகத்தில் திரும்பத் திரும்ப விழுந்தால் அந்த நிரலில் பிழை இருக்கிறது என்று கொள்ளலாம். விழுந்த நிரல்களைச் சொல்லும் கோர்டம்ப்சிடிஎல் காட்டிய பட்டியலிலோ உலாவி, கோப்பு மேலாளி, சுருக்கக் கருவி என்று ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத பெயர்கள். அவைலபிள் நெடுவரிசையில் 3 ஜிபிக்கு மேல் இருந்தது. பற்றாக்குறை இல்லை, ஆகவே சந்தேகம் நினைவகப் பலகையின் மேல் போனது. நினைவகத்தைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86+ஐ யூஎஸ்பியிலிருந்து துவக்கி இரவு முழுக்க ஓடவிட்டேன். முதல் சுற்று சுத்தம். அத்துடன் நிறுத்தியிருந்தால் ஏமாந்திருப்பேன். மூன்றாம் சுற்றில் ஒரு சிவப்பு வரி. ஒன்று போதும், சரியான நினைவகத்தில் பிழை எண்ணிக்கை பூஜ்ஜியம்தான்.

பலகையைக் குறை சொல்வதற்கு முன் ஃபர்ம்வேரில் (கணினியின் துவக்க அமைப்புகளில்) நினைவகத்தின் கூடுதல் வேக அமைப்பை அணைத்துவிட்டு மறுபடி சோதித்தேன். பிழை அப்படியே இருந்தது. பிறகு இரண்டு பலகைகளையும் தனித்தனியாக, ஒவ்வொரு செருகுவாயிலும் மாற்றி மாற்றிச் சோதித்தேன். பிழை பலகையுடன் நகர்ந்தது, செருகுவாய் தப்பித்தது. மிச்சமிருந்த நாட்களை நல்ல பலகையின் 4 ஜிபியிலேயே ஓட்டினேன். மெய்நிகர் கணினி ஒன்று மட்டும், அதுவும் வரைகலைத் திரை இல்லாமல்.

இரண்டு தாள்களிலும் தேறினேன். கெட்ட பலகையை எறியவில்லை. படிக்கும் நண்பர்கள் கேட்டால், பயனுள்ள கோப்பு எதுவும் இல்லாத ஒரு பழைய கணினியில் அதைச் செருகிக் கொடுத்து, என்ன கோளாறு என்று சொல்லாமல் போய்விடுகிறேன்.