முதலில் நோட்டு, பைத்தான் அப்புறம்

தாராவியில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் கோடிங் சொல்லித் தருகிறேன். எல்லாருக்கும் உடனே பைத்தான் என்கிற கணினி மொழி வேண்டும். நான் முதலில் நோட்டில் எழுதச் சொல்லி, லேப்டாப்பைத் திறக்கவே விடுவதில்லை, ஏனென்றால் அல்காரிதத்துக்கு, அதாவது ஒரு கணக்கைப் படிப்படியாகத் தீர்க்கும் வழிக்கு, மெஷினே தேவையில்லை, இரண்டு எண்களின் மீப்பெரு பொதுக் காரணியைக் கண்டுபிடிக்க யூக்ளிட் கி.மு. 300 வாக்கிலேயே படிப்படியாக வழி எழுதி வைத்துவிட்டார்.

எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு லீப் வருடம். "4-ஆல் வகுபட்டால் லீப்" என்று எழுதிவிட்டு நிமிர்ந்து பார்ப்பார்கள். சரி, 1900 போட்டுப் பார் என்பேன். 1900 லீப் இல்லை, ஆனால் 2000 லீப்! அதற்கப்புறம்தான் சூடோகோட், அதாவது புரோகிராமைச் சாதாரணப் பேச்சில் எழுதுவது, உருப்படியாக வரும்:

400-ஆல் வகுபட்டால், லீப்
இல்லையென்றால் 100-ஆல் வகுபட்டால், லீப் இல்லை
இல்லையென்றால் 4-ஆல் வகுபட்டால், லீப்
எதுவுமே இல்லையென்றால், லீப் இல்லை

இதில் வரிசைதான் உயிர். 4-ஐத் தூக்கி மேலே வைத்தால் 1900 அங்கேயே லீப் என்று முடிந்துவிடும், கீழே இருக்கும் 100 வரிக்குப் போகவே போகாது. இஃப், எலிஃப், எல்ஸ் என்று பைத்தானில் எழுதுவதும் இதே நாலு வரிதான். 2100-ஐ இதில் ஓட்டிப் பார்த்து எந்த வரியில் நிற்கிறது என்று சொல்லுங்கள்.