அப்பா பாதியில் நிறுத்தச் சொன்ன படம்

கடந்த சில மாதங்களில் பார்த்த படங்களைப் பற்றி எழுதலாம் என்று உட்கார்ந்தேன். எண்ணிப் பார்த்தால் எல்லாமே வீட்டைப் பற்றிய படங்கள். தேடிப் பிடித்துப் பார்க்கவில்லை, அப்படி அமைந்துவிட்டது. மே மாதம் டூரிஸ்ட் ஃபேமிலி, ஜூலையில் 3 பிஎச்கே, அப்புறம் அப்பாவும் அம்மாவும் எங்கள் வீட்டில் வந்து தங்கியிருந்தபோது மெய்யழகன். கடைசியாக, அம்மா கேட்டார் என்பதற்காக, பாலு மகேந்திராவின் வீடு.

முதலில் 3 பிஎச்கே. என் மகளோடு போனேன். அவளுக்கு 25 வயது. அவளும் அவள் கட்டிக்கொள்ளப் போகிற பையனும் பிடிஓ வீட்டுக்கு, அதாவது முதலில் பதிவு வாங்கிக்கொண்டு பிறகு கட்டிக் கொடுக்கும் அரசாங்க வீட்டுக்கு, இரண்டு முறை எழுதிப் போட்டு, இரண்டு முறையும் குலுக்கலில் நம்பர் வரவில்லை. சிங்கப்பூரில் இருப்பவர்களுக்கு இந்த வேதனையை விளக்க வேண்டியதில்லை. நம்பர் வந்து, வீட்டைத் தேர்ந்தெடுத்து, கட்டி முடித்துச் சாவி கையில் கிடைக்க அதன் பிறகும் சில வருடங்கள் ஆகும். கல்யாணத் தேதியே சாவியைப் பார்த்துத்தான் குறிக்கிறார்கள். அதனால் சொந்த வீடு வாங்க ஒரு குடும்பம் படும் பாட்டைச் சொல்கிற படம் என்றதும் மகள்தான் டிக்கெட் எடுத்தாள்.

சரத்குமாரும் தேவயானியும் அப்பா அம்மா. சித்தார்த் மகன், மீதா ரகுநாத் மகள். வாடகை வீட்டிலிருந்து இன்னொரு வாடகை வீட்டுக்கு மாறிக்கொண்டே, சொந்த வீட்டுக்காகச் சேர்க்கிறார்கள். சேர்த்தது மகனின் படிப்புக்குப் போகிறது, மகளின் கல்யாணத்துக்குப் போகிறது, மருத்துவமனைக்குப் போகிறது. அரவிந்த் சச்சிதானந்தத்தின் சிறுகதையிலிருந்து இதை எடுத்திருக்கிறார் ஸ்ரீகணேஷ். 8 தோட்டாக்கள் எடுத்த அதே இயக்குநர். குடும்பமாக உட்கார்ந்து கையில் எவ்வளவு இருக்கிறது என்று கணக்குப் பார்க்கும் காட்சிகள் எனக்கு ரொம்பப் பிடித்தன. பணத்தைப் பற்றி ஒரு குடும்பம் வெளிப்படையாகப் பேசுவதை நம் படங்களில் அதிகம் பார்த்ததில்லை. கடன்காரன் வந்து கத்துவான், அம்மா தாலியைக் கழற்றிக் கொடுப்பாள், அவ்வளவுதான். இதில் ஒவ்வொரு ஆயிரத்துக்கும் ஒரு முகம் இருக்கிறது.

ஆனால் படம் ஓட்டமாக ஓடுகிறது. வருடங்கள் சரசரவென்று கழிகின்றன, அடி மேல் அடி விழுகிறது. ஓர் அடி வலிப்பதற்குள் அடுத்தது வந்துவிடுகிறது. தேவயானிக்கு இன்னும் இரண்டு காட்சி கொடுத்திருக்கலாம். சூரியவம்சத்தில் பார்த்த ஜோடி இத்தனை வருடம் கழித்து அப்பா அம்மாவாக வந்து நிற்கிறார்கள், அவர்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசுகிற ஒரு பத்து நிமிடம் இருந்திருந்தால் நான் அழுதிருப்பேன். மகள் அழுதாள். வெளியே வந்ததும், "மா, நமக்குப் பரவாயில்லை, சிபிஎஃப் இருக்கு" என்றாள். சம்பளத்தில் பிடித்துச் சேர்க்கும் மத்திய சேமநிதியைச் சொல்கிறாள், அதை வீடு வாங்க எடுத்துக்கொள்ளலாம். அப்புறம் கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா நம்மளது 99 வருஷம்தானே" என்றாள். வீவக, அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், விற்கும் வீடு பெரும்பாலும் 99 ஆண்டு குத்தகை. அந்த வார்த்தையை அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்கு நான் வளர்ந்த டாங்ளின் ஹால்ட் ஞாபகம் வந்துவிட்டது. அதைப் பிறகு சொல்கிறேன்.

டூரிஸ்ட் ஃபேமிலி எனக்கு மூன்றில் இரண்டாவது. அபிஷன் ஜீவிந்த் என்ற இளைஞரின் முதல் படம். இலங்கையில் பொருளாதாரம் சரிந்த நேரத்தில் ஒரு குடும்பம் படகேறி வந்து, சென்னையில் ஒரு தெருவில் வாடகைக்குக் குடியேறுகிறது. சசிகுமார், சிம்ரன், இரண்டு பையன்கள். வாயைத் திறந்தால் பேச்சு காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் யாரோடும் பேசாதீர்கள் என்று சொல்லி வைக்கிறார் யோகி பாபு. ஆனால் சசிகுமாரால் பேசாமல் இருக்க முடியவில்லை. எதிரில் வருகிறவர்கள் எல்லோரிடமும் நலம் விசாரிக்கிறார். அங்கேதான் படம் பிறக்கிறது. பக்கத்துப் பக்கத்து வீட்டில் இருந்தும் ஒருவருக்கொருவர் முகம் பார்க்காத தெரு, ஒரு சாவு வீட்டில் ஒன்று சேர்கிற இடத்தில் திரையரங்கில் சத்தமே இல்லை.

இது உண்மையில் நடக்குமா என்று கேட்டால், இவ்வளவு நல்லவர்கள் ஒரே தெருவில் இருப்பார்களா என்று கேட்டால், எனக்குப் பதில் இருக்கிறது. டாங்ளின் ஹால்ட்டில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி ஒரு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி இருந்தார். நான் பள்ளி விட்டு வந்ததும், "வந்திட்டியோ பிள்ளை, சாப்பிட்டனியோ" என்று வாசலிலேயே கேட்பார். அம்மா வேலைக்குப் போன நாள்களில் என் தம்பியைப் பார்த்துக்கொண்டது அவர்தான். சிம்ரன் பேசும்போது அந்த ஆன்ட்டியின் குரல் எனக்கு முழுதாகக் கேட்கவில்லை, சில இடங்களில் பேச்சு சென்னைப் பக்கம் வழுக்குகிறது. சின்னப் பையன் நன்றாகச் சமாளிக்கிறான். ஆனாலும் ஒரு குடும்பம் தன் சொந்தப் பேச்சை வாய்க்குள்ளேயே அடக்கிக்கொண்டு வாழ வேண்டியிருப்பதைத் தமிழ்ப் படம் இவ்வளவு அன்பாகச் சொல்லி நான் பார்த்ததில்லை. நான் பாலர் பள்ளியில் தமிழ் சொல்லிக் கொடுக்கிறவள். வீட்டில் பேசுகிற மாதிரி வகுப்பில் பேசப் பிள்ளைகள் தயங்குவதை நாள்தோறும் பார்க்கிறேன். அதனால் கூடுதலாக உறைத்திருக்கலாம்.

இப்போது மெய்யழகன்.

2024 செப்டம்பரில் வந்த படம். முதல் ஞாயிற்றுக்கிழமையே நானும் கணவரும் திரையரங்குக்குப் போய்விட்டோம். அதனால் முழுப் படமும் பார்த்தோம். அதன் பிறகுதான் நீளம் என்று சொல்லி 18 நிமிடம் போல வெட்டினார்கள். நடுவில் கார்த்தி போர்க் கதை சொல்லிக்கொண்டே போகும் இடம் எனக்கும் நீளமாகத்தான் பட்டது. ஆனாலும் வெட்டியது தப்பு என்று நினைக்கிறேன். ஊரில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் இரவு தங்கினால் பேச்சு அப்படித்தான் போகும். தூக்கம் வரும், கொட்டாவி விடுவோம், அவர் இன்னொன்று சொல்ல ஆரம்பிப்பார். அந்தக் கொட்டாவியும் சேர்ந்ததுதான் அந்த இரவு.

கதை தெரியாதவர்களுக்கு: சொத்துத் தகராறில் தஞ்சாவூர் வீட்டை இழந்து 1996ல் குடும்பத்தோடு ஊரைவிட்டுப் போகிறான் ஒரு பையன், அருள்மொழி. பல வருடம் கழித்து, தங்கை முறைப் பெண்ணின் கல்யாணத்துக்காக நீடாமங்கலம் வருகிறார். பெரியவரான அருள்மொழி அரவிந்த்சாமி. வந்த இடத்தில் உரிமையோடு ஒட்டிக்கொள்கிறான் ஓர் உறவுக்காரன், அது கார்த்தி. அவன் யார், பெயர் என்ன என்று இவருக்கு ஞாபகமே வரவில்லை. கேட்கவும் கூச்சம். பேருந்தைத் தவறவிட்டு அவன் வீட்டிலேயே தங்குகிறார். அவ்வளவுதான் கதை. 96 படத்தை எடுத்த இயக்குநர் பிரேம்குமார் ஓர் இரவை வைத்துக்கொண்டு மறுபடியும் என்ன செய்துவிட்டார்! கல்யாண மேடையில் அந்தத் தங்கை பரிசைப் பிரித்து அங்கேயே போட்டுக்கொள்கிற காட்சியைத் திரையரங்கில் பார்த்தபோது என் கணவர் மூக்கை உறிஞ்சியதை நான் கேட்டேன். அவர் அழுது நான் பார்த்தது மிகக் குறைவு.

போன மாதம் அதே படத்தை வீட்டில் அப்பா அம்மாவுக்குப் போட்டேன். அப்பாவுக்கு 79 வயது. எந்தப் படம் போட்டாலும் அரை மணி நேரத்தில் கண்ணயர்ந்துவிடுவார். இதில் அவர் தூங்கவில்லை. ஆரம்பத்தில் அந்தப் பையன் பிரியப் போகிற வீட்டைச் சுற்றிச் சுற்றி வருகிறான் அல்லவா, அந்த இடத்தில் அப்பா நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார். குடும்பம் கிளம்பி முடித்ததும், "கொஞ்சம் நிறுத்து" என்றார். கழிவறைக்குப் போகிறார் என்று நினைத்து நிறுத்தினேன். அவர் எழுந்திருக்கவில்லை.

எங்கள் டாங்ளின் ஹால்ட் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஏழாவது மாடி, மூவறை வீடு. ரயில் வந்து நிற்கிற இடம் என்பதால்தான் ஹால்ட் என்று பெயர். தாத்தா ரயில்வேயில் வேலை பார்த்தவர். பக்கத்து முனீஸ்வரன் கோவிலும் ரயில்வேத் தொழிலாளர்கள் கும்பிட ஆரம்பித்த கோவில்தான். சின்ன வயதில் எங்களுக்கு ரயில் சத்தம்தான் கடிகாரம். 2011 ஜூன் 30ஆம் தேதியோடு தஞ்சோங் பகார் நிலையத்துக்கு ரயில் வருவது நின்றுபோனது. அன்று இரவு அப்பா நடைபாதையில் நின்றே இருந்தார். 2014ல் எங்கள் புளோக்கையும் சேர்த்து 31 புளோக்குகளை இடிக்கப் போவதாக வீவக அறிவித்தது. மாற்று வீடு டாசன் பக்கத்திலேயே கிடைத்தது. புது வீடு, நல்ல காற்று, மின்தூக்கி வாசலிலேயே நிற்கிறது, அம்மாவுக்கு முழங்கால் வலிக்கு அது வரப்பிரசாதம். யாரையும் குறை சொல்ல ஒன்றுமில்லை. 2021ல் பழைய சாவியைத் திருப்பிக் கொடுத்தோம். அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை. அவருக்கு வருத்தமில்லை என்றே நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டோம்.

படத்தை நிறுத்திய பிறகு அப்பா சொன்னது இது. சாவி கொடுப்பதற்கு முந்தின நாள், கோவிலுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் பழைய வீட்டுக்குப் போயிருக்கிறார். சாமானெல்லாம் ஏற்கெனவே போய்விட்டதால், கீழே மளிகைக் கடையில் புதிதாக ஒரு துடைப்பம் வாங்கியிருக்கிறார். மூன்று அறையையும் கூட்டியிருக்கிறார். சமையலறையில் அடுப்பு இருந்த இடத்தில் எண்ணெய்ப் பிசுக்கைத் தேய்த்துக் கழுவியிருக்கிறார். "இடிக்கப் போற வீட்டையா கூட்டினீங்க?" என்று அம்மா கேட்டார். "குப்பையோட குடுக்கக் கூடாதுல்ல" என்றார் அப்பா.

அப்புறம் கொக்கி. கூடத்து உட்கூரையில் தொட்டில் கட்டுவதற்கு அப்பா கையாலேயே ஓட்டை போட்டு மாட்டிய இரும்புக் கொக்கி ஒன்று இருந்தது. நான், தம்பி, பிறகு என் மகள், மூன்று பேரும் அதில் தொங்கிய சேலைத் தொட்டிலில் தூங்கியவர்கள். பின்னாளில் அம்மா அதில் கார்த்திகைக்கு விளக்கு மாட்டுவார். அதைக் கழற்றி எடுத்துக்கொள்ளலாம் என்று நினைத்திருக்கிறார். ஏறி நிற்க எதுவும் இல்லை. பக்கத்து வீட்டுக்காரர் விட்டுப் போன பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று நடைபாதையில் கிடந்திருக்கிறது. 75 வயதில் அதன் மேல் ஏறி, குறடு போட்டுத் திருகியிருக்கிறார். துருப் பிடித்துப் போயிருந்ததாம். பையில் இருந்த கோவில் விளக்கெண்ணெயை ஊற்றிப் பார்த்திருக்கிறார், அப்போதும் அசையவில்லையாம். எவ்வளவு நேரம் என்று கேட்டேன். "இருட்டிடுச்சு" என்றார். விளக்கு இணைப்பையெல்லாம் ஏற்கெனவே எடுத்துவிட்டார்கள். இருட்டில் நாற்காலியிலிருந்து இறங்கி, துடைப்பத்தைச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாய்த்து வைத்துவிட்டு வந்திருக்கிறார்.

இத்தனை வருடம் இதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. சொல்ல வைத்தது ஒரு படம். அரவிந்த்சாமி நடிப்பு, கோவிந்த் வசந்தா இசை, கமல்ஹாசன் குரல், எல்லாவற்றையும் பாராட்டி நிறைய பேர் எழுதிவிட்டார்கள். நான் அந்த முதல் அரை மணி நேரத்துக்காகப் பிரேம்குமாருக்கு நன்றி சொல்ல நினைக்கிறேன். வீட்டை விட்டுப் போகும் வலியை யாரும் யாரிடமும் பேசாமலே காட்டியிருக்கிறார். 3 பிஎச்கே எனக்கு ஒரு படி கீழே இறங்கியது இதனால்தான். வீடு வாங்குவது என்றால் என்ன என்று அந்தப் படத்துக்குத் தெரிகிறது. அதற்குள் வாழ்வது என்ன என்று காட்ட அதற்கு நேரமில்லாமல் போய்விட்டது.

மீதிப் படத்தை அன்று பார்க்கவில்லை. மறுநாள் அம்மா மட்டும் என்னோடு உட்கார்ந்து முடித்தார். ராஜ்கிரண் வருகிற இடமெல்லாம் அம்மாவுக்குப் பிடித்தது. முடிந்ததும், "பாலு மகேந்திரா படம் ஒண்ணு இருக்குமே, வீடு கட்டுவாங்களே, அதப் போடு" என்றார்.

1988ல் வந்த வீடு. பாட்டே கிடையாது. பின்னணிக்கு இளையராஜாவின் ஹவ் டு நேம் இட் இசைத்தொகுப்பிலிருந்து எடுத்துப் போட்டிருக்கிறார்கள். அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஒரு பெண் சென்னையில் ஒரு சின்ன வீடு கட்டப் போராடுகிறாள். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்த படம். ஒப்பந்தக்காரன் ஏமாற்றுவதை முகத்துக்கு நேரே கேட்கிற சித்தாள் மங்கம்மாவாகப் பசி சத்யா, அப்பப்பா! மகளும் உட்கார்ந்து பார்த்தாள். இத்தனை வருடத்துக்கு முந்திய படத்தில் கடனும் சிமெண்டும் அனுமதிக் கடிதமும் இன்றைக்குப் போலவே இருக்கின்றன என்று ஆச்சரியப்பட்டாள். பாலு மகேந்திராவும் இலங்கையில் பிறந்து அங்கிருந்து இந்தியாவுக்குப் போனவர்தான் என்று சொன்னேன். அப்படியானால் டூரிஸ்ட் ஃபேமிலிக்கு அவர் தாத்தா முறை என்றாள். எனக்கு அந்த உறவு பிடித்திருந்தது.

அதில் சொக்கலிங்க பாகவதர் தாத்தாவாக வருகிறார். கட்டி முடியாத வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாகப் போவார். பூசாத செங்கல் சுவரை மெல்லத் தடவிப் பார்ப்பார். மெய்யழகனில் விட்டுப் போகிறவன், இதில் குடியேறாமலே போகப் போகிறவர். இரண்டு பேருக்கும் சுவரோடுதான் பேச்சு. அந்தக் காட்சி வரும் நேரம் அப்பா அறையிலிருந்து வந்து, உட்காராமல், என் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். காட்சி முடியும் வரை நின்றார்.

இரவு சாப்பிடும்போது மகளிடம் கேட்டார்: "உங்களுக்கு வீடு கிடைச்சா, கூரையில ஓட்டை போட விடுவாங்களாம்மா?"

"எதுக்கு தாத்தா?"

"கொக்கி போடத்தான்."

"கேட்டுச் சொல்றேன் தாத்தா" என்றாள். அடுத்த விண்ணப்பம் பிப்ரவரியில்.